கடவுளின் மகன் நாலு கிராம் தேறமாட்டார்

அகஸ்டஸ் சீசருக்குக் குளிர் ஆகாது. பாதி உலகத்தை ஆண்ட மனுஷன், பனிக்காலம் வந்துவிட்டால் நாலு அங்கியை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் கனத்த டோகாவைச் சுற்றிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் உள்சட்டை, நெஞ்சுக்குக் கம்பளிக் கவசம், தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் தனித்தனித் துணிச்சுற்று என்று ஒரு மூட்டையாகவே உலவுவாராம். நான் சொல்லவில்லை. அவர் காலத்துக்கு நூறு வருஷம் கழித்து ரோமன் வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். உள்சட்டை என்றால் என்னங்க? பனியன்தானே! ரோமப் பேரரசை நிறுவியவர் பனியன் ஆசாமி என்ற செய்தி இத்தனை காலமாகப் புத்தகத்தில் சும்மா கிடக்கிறது. திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு கடையின் போர்டில்கூட அவர் ஏறாமல் இருப்பது பெரிய அநியாயம்.

போர்டில்தான் ஏறவில்லையே தவிர, ஆள் இந்தப் பக்கம் வராமல் இல்லை. கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறார். ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணியில் 1913இல் மண்ணைத் தோண்டியபோது 233 ரோம வெள்ளிக்காசுகள். உடுமலைப்பேட்டை வட்டம் பூதிநத்தத்தில் ஏறத்தாழ 1,400. நொய்யலில் இன்னும் மேலே போனால் வெள்ளலூரில் 1842இல் 522, அப்புறம் 1891இல் ஒரு தடவை, 1931இல் ஒரு தடவை. கிழக்கே கரூரில் கேட்கவே வேண்டாம், ஆற்று மணலைச் சலித்தாலே ராஜாக்கள் உதிர்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து திருப்பூருக்கு வந்த முதல் பையர்கள் 1970களில்தான் வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், திருத்திக்கொள்ளுங்கள். 1,900 வருஷம் முன்னதாகவே அட்வான்ஸ் வந்துவிட்டது.

சரி, அந்தக் காசில் ஆள் எப்படி இருக்கிறார்? அங்கேதான் வேடிக்கை. அகஸ்டஸ் எழுபத்தைந்து வயதைத் தாண்டிச் செத்தவர். காசில் கடைசிவரைக்கும் இருபத்தைந்து. வழித்த முகம், செதுக்கின மூக்கு, நெற்றியில் அளவாக விழும் முடி, காலேஜ் அட்மிஷனுக்குப் போட்டோ எடுத்த மாதிரி. நிஜத்தில் பல் சொத்தை, இருந்தவையும் சின்னதும் இடைவெளியுமாக. உயரம் கம்மி என்பதால் அடி தடித்த செருப்பு. கண்ணில் தெய்வீக ஒளி இருப்பதாக அவருக்கே ஒரு நினைப்பு. தான் உற்றுப் பார்க்கும்போது எதிராளி சூரியனைப் பார்த்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டால் ஐயாவுக்குப் பரம சந்தோஷமாம். அவையில் இருந்தவர்கள் எல்லாம் விஷயம் தெரிந்தவர்கள். பார்த்தவுடன் குனிந்தார்கள், சம்பளம் வந்தது.

காசைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. 'சீசர் அகஸ்டஸ், கடவுளின் மகன், நாட்டின் தந்தை' என்று லத்தீனில் பந்தா. எந்தக் கடவுள்? ஜூலியஸ் சீசர். கி.மு. 44இல் கத்திக்குத்துப் பட்டுச் செத்த அவரை, ரெண்டு வருஷம் கழித்து செனட் கூடித் தீர்மானம் போட்டுக் கடவுளாக்கியது. அவராவது பெற்ற அப்பாவா என்றால் அதுவும் இல்லை. அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு உடன்பிறந்தவர், உயிலில் தத்தெடுத்தார். பெற்ற தகப்பன் வழியில் தாத்தா காசு மாற்றுகிற கடைக்காரர் என்று ஆன்டனி ஊரெல்லாம் கிளப்பிவிட்டிருந்தார். எதிரி சொன்னது என்பதால் முழுசாக நம்பவேண்டாம். ஆனால் உண்மையாக இருந்தால், அந்த வம்சத்தில் காசைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தாத்தாதான்.

'நாட்டின் தந்தை' என்ற பட்டம் கிடைத்தது கி.மு. 2இல். அதே வருஷம் ஐயா வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? பெற்ற ஒரே மகள் ஜூலியாவின் நடத்தை சரியில்லை என்று ஒரு தீவுக்கு நாடு கடத்தினார். ஊருக்கெல்லாம் அப்பா, வீட்டில் இருந்த ஒரே பிள்ளைக்கு டிக்கெட்!

காசைத் திருப்பினால் கூத்து இன்னும் பலம். பின்பக்கம் ரெண்டு பையன்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறார்கள். கையஸ், லூசியஸ். அந்த நாடுகடத்தப்பட்ட ஜூலியாவின் பிள்ளைகள்தான். வாரிசு வேண்டும் என்று தாத்தாவே அவர்களைத் தத்தெடுத்தார். தத்தெடுத்த விதம்தான் அபாரம். ரோமச் சட்டப்படி வீட்டில் தராசைக் கொண்டுவந்து வைத்து, ஒரு செப்புக்காசைப் போட்டு, அவர்களுடைய அப்பா அக்ரிப்பாவிடமிருந்து பேரன்களை 'விலைக்கு' வாங்கினார். சடங்குதான், இருந்தாலும் மருமகனிடம் பில் போட்டுப் பேரனை வாங்கிய மாமனார் உலகத்தில் எத்தனை பேர்!

மூத்தவனுக்கு மீசை அரும்பும் முன்பே 'வருங்காலக் கான்சல்' என்று பட்டம். 'இளைஞர் தலைவர்' என்றும் ஒரு பட்டம். ஆமாம், இளைஞர் அணித் தலைவரேதான். நீங்கள் நினைக்கிற ஊரில் இது ஆரம்பிக்கவில்லை. அந்த அறிவிப்பைப் பிரான்சில் இப்போது லியோன் என்கிற ஊரிலிருந்த அக்கசாலையில் லட்சக்கணக்கில் அடித்துவிட்டார்கள். முச்சந்தியில் கட்டும் பிளெக்ஸை வெள்ளியில் அடித்து, ஒவ்வொருத்தன் இடுப்பிலும் சொருகி அனுப்பிவிட்டார் தாத்தா.

கி.பி. 2இல் இளையவன் இப்போதைய மார்சேயில் நோயில் போனான். கி.பி. 4இல் மூத்தவன் அர்மேனியாவில் பட்ட காயத்தோடு திரும்பும் வழியில் போனான். வேட்பாளர் ரெண்டு பேரும் காலி. பிளெக்ஸ் மட்டும் கப்பலேறி, பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, மாட்டு முதுகில் நொய்யல் கரைக்கு வந்து சேர்ந்தது. இங்கே யாரும் துக்கம் விசாரிக்கவில்லை.

அடுத்தவர் திபேரியஸ். இந்தப் பகுதியில் கிடைக்கும் வெள்ளியில் பெரும்பங்கு இவர்தான். வெள்ளலூரின் 1842 பானையில் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் இவர் மூஞ்சி. 54 வயதில் பட்டத்துக்கு வந்தவர். மொட்டைத்தலை, கூனல், முகமெல்லாம் புண், அதன்மேல் திட்டுத்திட்டாகப் பிளாஸ்திரி என்று இன்னொரு வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் வர்ணிக்கிறார். காசில்? பளிங்குக் கன்னம், அடர்ந்த முடி, தலையில் இலைமாலை. போனில் இன்றைக்கு இருக்கிற பில்டர் எல்லாம் ரோமன் அக்கசாலையிடம் பிச்சை வாங்கவேண்டும்.

ஆனால் இவரிடம் ஒரு குணம் திருப்பூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். டிசைனை மாற்றவே மாட்டார். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு சாம்பிள் பார்த்ததோடு சரி. அப்புறம் ஏறக்குறைய ஆட்சி முடியும்வரை, இருபது வருஷம், வெள்ளியில் ஒரே ஆர்ட்ஒர்க். முன்னால் அவர் தலை, பின்னால் ஒரு கையில் செங்கோலும் ஒரு கையில் கிளையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். சீசன் மாறவில்லை, கலர் மாறவில்லை, 'பிரிண்டை ரெண்டு இஞ்ச் மேலே தூக்குங்க' என்று நடுராத்திரி மெயில் இல்லை. இப்படி ஒரு ரிபீட் ஆர்டர் கிடைத்தால் எந்த மெர்ச்சண்டைசரும் திபேரியஸுக்குக் கோயில் கட்டுவார்.

அந்தப் பெண் சமாதான தேவதை என்பார்கள், அவருடைய அம்மாவும் அகஸ்டஸின் மனைவியுமான லிவியாதான் அந்த வேஷத்தில் இருக்கிறார் என்று பலரும் சொல்வார்கள். அம்மாவாக இருந்தால் கதை சுவாரசியம். 86 வயதில் அந்த அம்மா செத்தபோது பிள்ளை காப்ரித் தீவில் இருந்தார். இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார். உடல் தாங்காமல்போய் அவர் இல்லாமலே காரியத்தை முடிக்கவேண்டியதாயிற்று. தாய்ப்பாசம் காசில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இப்போது வெள்ளலூர்ப் பானையை ஒரு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே அகஸ்டஸ் இருக்கிறார். அவர் தூக்கிவைத்துக் கொண்டாடிய பேரன்கள் இருக்கிறார்கள். அந்தப் பேரன்களுக்கு வழிவிடவேண்டியிருந்ததாலோ என்னவோ கோபித்துக்கொண்டு ரோட்ஸ் தீவில் போய் உட்கார்ந்த திபேரியஸ் இருக்கிறார். பேரன்களின் அம்மா ஜூலியாவை அவர் தலையில்தான் கட்டிவைத்தார்கள். பிடித்த பெண்டாட்டியை விலக்கச் சொல்லி, பிடிக்காத இவளைக் கட்டிவைத்தது மாமனார் அகஸ்டஸ். ஆக, மாமனார், மருமகன், மனைவியின் பிள்ளைகள், மாமியாரும் அம்மாவுமான லிவியா. ரோமில் ஒரே அறையில் உட்காரமாட்டாத குடும்பம் மொத்தமும் கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரே பானைக்குள் ஆயிரத்தெண்ணூறு வருஷம் உரசிக்கொண்டு கிடந்திருக்கிறது. கூட்டுக்குடும்பம் என்றால் கொங்குநாடுதான்.

இத்தனை வெள்ளி எதற்காக வந்தது? மிளகுக்காக, முத்துக்காக, துணிக்காக, கல்லுக்காக. கல் என்றால் நம்ம காங்கேயம் பக்கம் படியூர்க் கல். கடல்தண்ணி நிறத்தில் இருக்கும் பெரில். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் வடகரையிலிருக்கும் கொடுமணலில் 1985 முதல் தோண்டத் தோண்ட, கல்லை அறுத்து மணியாக்கித் துளையிட்ட பட்டறைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கல்லிழைக்கிறவன் ஒரு வீடு, இரும்பு உருக்குகிறவன் ஒரு வீடு, சங்கறுக்கிறவன் ஒரு வீடு, நூல் நூற்ற தக்களிகள் வேறு. கட்டிங் ஓரிடம், ஸ்டிச்சிங் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்கிலேயே ஊரை ஓட்டும் வித்தை இந்தப் பக்கத்துக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தரவில்லை.

ரோமில் பெண்மணிகள் இந்தக் கல்லைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் பில்லைக் கட்டிவிட்டு ஒப்பாரி வைத்தார்கள். கி.பி. 22இல் திபேரியஸே செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதிப் புலம்புகிறார்: பெண்களின் நகைமோகத்தால் நம் பணம் அந்நியனுக்கும் எதிரிக்கும் போகிறது என்று. எதிரி! படியூரில் கல் தோண்டிக்கொண்டிருந்த ஆளுக்குத் தான் ரோமப் பேரரசின் எதிரி என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் கூலி உயர்த்திக் கேட்டிருப்பார்.

அப்புறம் ரோமன் எழுத்தாளர் பிளினி வந்தார். அவர் ஒப்பாரியில் கணக்கு இருக்கும். இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் உறிஞ்சுகிறது என்றார். நாலு செஸ்டெர்ஸ் ஒரு வெள்ளித் தினாரியஸ் என்றால் ஒன்றேகால் கோடிக் காசு. இந்தப் பகுதியைத்தான் நம்மவர்கள் மேடையில் பெருமையாகச் சொல்வார்கள். அதே வரியின் வாலில் பிளினி இன்னொன்றையும் சொல்கிறார்: அங்கே வாங்கிய சரக்கை இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்று. யார் விற்கிறார்கள்? ரோமன் கடைக்காரர்கள். நூறு மடங்கு மார்ஜின் அடித்தது ரோம் நகரத்து ரீடெய்லர், திட்டு மட்டும் முசிறித் துறைமுகத்துக்கும் படியூருக்கும்! இங்கிருந்து சொற்ப விலைக்குப் போன டி-ஷர்ட்டை லண்டன் கடைக் கண்ணாடிக்குள் விலைச்சீட்டோடு பார்த்திருக்கும் எக்ஸ்போர்ட்டர் யாரையாவது கேளுங்கள். பிளினியை அவருக்கு முன்பே தெரியும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஆவணம் வியன்னாவில் இருக்கிறது. முசிறி வியாபாரத்துக்காக வாங்கிய கடன், ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு எல்லாம் அதில் விவரமாக உண்டு. ரோம அரசு இறக்குமதிக்கு வாங்கியது 25 சதவீதம். வெறித்தனமான வரி என்று வரலாற்றாசிரியர்கள் வாய்பிளப்பார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் போட்டபோது திருப்பூரில் யாரும் வாய்பிளக்கவில்லை. பிளந்த வாயை மூடத்தான் பலருக்கு மாசக்கணக்கானது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கடவுளின் மகன், நாட்டின் தந்தை, தலைமைப் பூசாரி என்றெல்லாம் பட்டம் பொறித்து, வயசைக் குறைத்து, புண்ணை மறைத்து, அம்மாவை உட்காரவைத்து, பேரனை நிற்கவைத்து இவ்வளவு மெனக்கெட்டு அனுப்பினார்களே, வாங்கிய நம்மவர் என்ன செய்தார்? தராசை எடுத்தார்.

அவ்வளவுதான். லத்தீன் யார் படிப்பது? செக்கிங் டேபிளில் பையருடைய க்யூசி ஆள் என்ன செய்வார் என்று திருப்பூரில் குழந்தைக்கும் தெரியும். துணியில் புலி பிரிண்ட் இருக்கிறதா, பூ பிரிண்ட் இருக்கிறதா என்றெல்லாம் முதலில் பார்க்கமாட்டார். ஜிஎஸ்எம் கட்டரை வைத்து ஒரு திருகு. வட்டமாக ஒரு துண்டு விழும். அதை எடுத்துத் தராசில் போடுவார், எண்ணைப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார். அந்த வட்டத் துண்டுக்கும் அகஸ்டஸுக்கும் நொய்யல் கரையில் ஒரே மரியாதைதான் கிடைத்தது. கடவுளின் மகன் வட்டமாக இருந்தார், நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றார், வெள்ளி சுத்தமாக இருந்தது. பாஸ்!

இது நம்மவர் மட்டும் செய்த குசும்பில்லை. ரோமில் கிளாடியஸ் ஆண்ட காலத்தில், செங்கடல் பக்கம் வரி வசூலிக்கப்போன ஒரு ரோமன் ஆள் புயலில் சிக்கி இலங்கையில் ஒதுங்கினான். அந்த ஊர் ராஜா அவனிடமிருந்த தினாரியஸ்களைப் பார்த்தார். மேலே வேறு வேறு மூஞ்சி. அடித்தவர்கள் வேறு வேறு ஆட்கள் என்று தெரிகிறது. ஆனால் எடை மட்டும் ஒன்றுபோல இருக்கிறதே என்று அசந்துபோய், இவர்கள் யோக்கியமானவர்கள் என்று முடிவுகட்டி, ரோமுக்குத் தூது அனுப்பிவிட்டார். சொல்வது அதே பிளினிதான். பேரரசர்கள் கோடி கோடியாக மூஞ்சியை அனுப்பினார்கள். ராஜா மெச்சியது தராசுக்காரனை.

1800இல் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பானை கிடைத்தது. அந்த வழியாக ஊர் சுற்றிக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த புக்கானனுக்கு ஹர்டிஸ் துரை அதிலிருந்து ஆறு காசைக் கொடுத்தார். அகஸ்டஸ், திபேரியஸ் என்று பெயர் படிக்கத் தெரிந்த வெள்ளைக்காரராயிற்றே, நெஞ்சு விம்மி நாலு பக்கம் எழுதியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? ரெண்டு தினுசு, எடை ஒவ்வொன்றும் 56 கிரெயின் என்று குறித்துவைத்தார். கொங்குநாட்டுத் தண்ணியைக் குடித்தாலே கை தராசுக்குத்தான் போகும்போல.

இந்தத் தராசு விவகாரம் நீரோவுக்குத்தான் புரியவில்லை. செலவாளி. வயசாக ஆகக் காசில் தாடை ரெண்டு மடிப்பு, கழுத்து மூன்று மடிப்பு என்று ஒளிவுமறைவில்லாமல் தன்னைப் பெருக்கிக்காட்டிய ஒரே உண்மைவிளம்பி. கி.பி. 64 வாக்கில் என்ன செய்தார் என்றால், மூஞ்சியைப் பெரிதாக்கினார், காசை இளைக்கவைத்தார். அதுவரை ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தார்கள். இனி 96 என்றார். போதாததற்கு வெள்ளியில் செம்பையும் கொஞ்சம் கலந்தார். 180 ஜிஎஸ்எம் என்று ஆர்டர் வாங்கி 157ஐ பேக் பண்ணி அனுப்பினால் என்ன ஆகும்? டெபிட் நோட் வரும். இங்கே அது வந்தது. நீரோவின் புதுக்காசு தமிழ்நாட்டு மண்ணில் அதிகம் கிடைப்பதே இல்லை. செத்துப்போன அகஸ்டஸையும் திபேரியஸையுமே கொடு என்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அப்புறம் தங்கத்துக்கு மாறிவிட்டார்கள். ரோம் நகரம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தாரா இல்லையா என்று சண்டைபோடுகிறார்கள். அதே வருஷத்தில் செய்த இதற்கு எவிடன்ஸ் பானை பானையாக இருக்கிறது.

தங்கத்தின் பாடு இன்னும் மோசம். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 தங்கக்காசில் பெரும்பாலானவற்றில் ராஜா மூஞ்சியின் குறுக்கே உளியால் ஒரே வெட்டு! உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்தார்களா, இனி இது காசில்லை வெறும் தங்கம் என்று ரத்துசெய்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். சில காசுகளில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். எப்படியோ, சக்கரவர்த்தி கன்னத்தில் உளி வைத்த ஆள் சாயங்காலம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

இதே காரியத்தை ரோமில் செய்திருந்தால்? திபேரியஸ் ஆட்சியில் அகஸ்டஸ் உருவத்துக்கு அவமரியாதை செய்வது ராஜத்துரோகம். எந்த அளவுக்கு என்றால், அவர் தலை பொறித்த காசையோ மோதிரத்தையோ கையில் வைத்துக்கொண்டு கக்கூசுக்குப் போனால்கூட வழக்கு, தலை போகிற வழக்கு. தாசி வீட்டுக்குப் போனாலும் அப்படியே. இதையும் ஸ்வெட்டோனியஸ்தான் சொல்கிறார். அவசரத்தில் ஓடுகிற மனுஷன் வாசலில் நின்று மடியைத் தடவி, 'ஐயா, தெய்வமகனே, கொஞ்சம் வெளியில் இருங்கள்' என்று இறக்கிவைத்துவிட்டுப் போகவேண்டிய தேசம் அது. அந்தக் காலத்து ரோமில் பொதுக்கழிப்பறைக்கு வெளியே திருடர்கள் சௌக்கியமாக வாழ்ந்திருக்கவேண்டும்.

நம்மவர் யவனர்களுக்குக் கொடுத்த மரியாதையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகத்தைப் பாருங்கள். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனர்களைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய்யை ஊற்றி, நகையையும் வைரத்தையும் வாங்கிக்கொண்டு வந்தான் என்று பெருமையாகப் பாடியிருக்கிறது. என்ன தகராறு என்று பதிகம் சொல்லவில்லை. 90 நாள் கிரெடிட் என்று சரக்கை எடுத்துப்போய் 180 நாளாகியும் பணம் அனுப்பாத பையர்களை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள், அந்த நெய் விஷயத்தை ஒருமுறைக்கு ரெண்டுமுறை யோசித்துப் பார்ப்பார்கள் என்று தோன்றுகிறது.

மூஞ்சியைப் பார்த்து மயங்காதவர்கள் கொங்குநாட்டு வியாபாரிகள். அதை மட்டும் சொல்லி முடித்தால் ஒருதலைப்பட்சமாகிவிடும். ஓர் ஆள் மயங்கினார். சேர ராஜா.

அதுவரை சேரர் காசில் வில், அம்பு, யானை இதெல்லாம்தான் இருக்கும். ராஜா தன் மூஞ்சியைக் காசில் போடுவது இந்தப் பக்கம் வழக்கமில்லை. கரூர் அமராவதி ஆற்றிலிருந்து கிடைத்து, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்ட வெள்ளிக்காசுகளில் ஒரு மனிதத் தலை இருக்கிறது. கூடவே பழந்தமிழ் எழுத்தில் 'மாக்கோதை' என்று பெயர். ரோமக் காசின் சாயல் அப்படியே அடிக்கிறது என்கிறார்கள். என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சி வேண்டாம். கரூரில் சுங்கத்துக்கு வந்த பானையை ராஜா கவிழ்த்துப் பார்த்திருப்பார். ஐந்நூறு தடவை திபேரியஸ். 'யாருய்யா இவன், எல்லாத்துலயும் இவனே இருக்கான்?' என்று கேட்டிருப்பார். அவன் ஊரில் ராஜா என்றால் அப்படித்தானுங்க என்று மந்திரி சொல்லியிருப்பார். அடுத்த நாள் காலையில் ஆசாரிக்கு ஆள் போயிருக்கும்.

பாவம், ஆசாரிக்குத்தான் கஷ்டம். கிரேக்கனும் ரோமனும் முந்நூறு, நானூறு வருஷம் மூஞ்சி செதுக்கிப் பழகியவர்கள். இவர் யானை செதுக்கிப் பழகியவர். மாக்கோதையின் தலை அகஸ்டஸ் தலை மாதிரி சினிமா ஹீரோவாக வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா மாதிரி வந்திருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அந்த வரிசையில், நீரோவை விட்டால், நேரில் பார்த்தால் அடையாளம் தெரியக்கூடிய ஒரே ராஜா அவர்தான்.

சரி, இந்தப் பானைகள் எல்லாம் கடைசியில் எங்கே போயின? சில, சென்னை மியூசியத்துக்குப் போயின. 1878இல் போட்ட புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லவேண்டும். சொன்னவர்கள் உண்டு. தோட்டத்தில் ஏர் ஓட்டும்போது பானை தட்டுப்பட்டு, மேலே நாலு காசைக் கொடுத்து 'இவ்வளவுதானுங்க சாமி' என்று தாசில்தாரிடம் கைகட்டி நின்றவர்களும் இருந்திருப்பார்கள். இந்தியாவில் கிடைத்த ரோமக் காசுக் குவியல்களின் கணக்கைப் படித்தால், 'பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது' என்ற குறிப்பு அலுக்கும்வரை வருகிறது. நல்ல வெள்ளியாயிற்றே, ஆசாரி விடுவாரா? அவருக்கும் லத்தீன் தெரியாது. அவரிடமும் தராசுதான் இருந்தது.

உருக்கிய வெள்ளி வேறென்னவாகும்? அரைஞாணாகும், கொலுசாகும். கொங்குநாட்டில் கல்யாணமான பெண்ணின் கால் விரலில் மெட்டியாகும். இடுப்புக்கு மேலேதான் தங்கம், காலுக்கு வெள்ளி என்பது நம் வழக்கம். கடவுளின் மகனும், நாட்டின் தந்தையும், இளைஞர் அணித் தலைவர்கள் ரெண்டு பேரும், தலைமைப் பூசாரியும், அவருடைய அம்மாவும் சேர்ந்து உருகி எத்தனை விரலில் ஏறினார்களோ. கக்கூசுக்குக் கூட்டிப்போனால் தலையை எடுப்பேன் என்று சட்டம் வைத்திருந்த குடும்பம். மெட்டியை எந்தப் பெண் கழற்றி வெளியில் வைத்துவிட்டுப் போகிறாள்?